நியாயசபையில் மூத்தோர் கடன்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் நாலந்தா என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள கெடிகே என்னும் கற்றளியை நம் மாணவர் பலர் கலைவரலாற்றுப் பாடத்தின் வாயிலாக அறிந்திருப்பர். பல்லவர் கட்டடக் கலையின் சாயல் துலங்கும் அத்தளியின் காலத்தை அறிஞர் 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வெவ்வேறாகக் கணிப்பர். அதன் கலைச்சிறப்பு ஈண்டு எமது பொருளன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட நீர், சுரங்கவழியே உக்குவளைக்கு வந்து, சுது கங்கையூடாகப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடையுமாறு வகுக்கப்பட்டபோது, கெடிகே நின்ற தாழ்நிலம் நீருள் அமிழும் நிலை உண்டாயிற்று. எனவே 1975இல் அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயரமான இடத்தில் 1980 அளவில் மீண்டும் அடுக்கி எழுப்பப்பட்டது. எந்தக் கல் எந்த வரிசையில், எதன்மேல் இருந்தது என்று குறித்து வையாமல் அப்பணியை எவரும் முடித்திருக்க இயலாது.

குலைத்ததை மீள அமைக்கலாம் என்பதற்குக் கெடிகே ஒரு சான்று. ஆனால், கல்லுக்குக் காட்டிய கவனத்தை அரசாங்கம் எப்போதும் மனிதர்க்குக் காட்டுவதில்லை. ஓர் ஆணையினால் ஒருவர் தம் காணியை இழக்கின்றார். மற்றொருவர் உத்தியோகத்தை இழக்கின்றார். அவ்வாணை தவறாயின் அதனைக் கண்டறிந்து, குலைந்ததை இயன்றவரை முன்னிருந்தவாறு அடுக்கித் தருமாறு அமைக்கப்பட்டவையே நிருவாக மீளாய்வுச் சபைகள். நீர்த்தேக்கத்திற்கோ வீதிக்கோ காணி எடுக்கப்படும்போது பொருந்தும் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் அத்தகைய சபையொன்றை வகுத்துள்ளது. தமக்கு விதிக்கப்பட்ட நட்டஈடு போதாதெனக் கருதுபவர் 21 நாள்களுக்குள் அதன்முன் முறையிடலாம். அவசரம் எனின் நட்டஈட்டுப் பிணக்குத் தீருமுன்னரே காணியின் உடைமையைப் பொறுப்பேற்கவும் அதே சட்டம் இடமளிக்கின்றது. நீர் முன்னே வந்துவிடும். நியாயம் பின்னே நடந்து வரும். பின்னே வருவதை வரச்செய்யும் பொறுப்பு எவருடையது என்பதே எமது வினா.

இச்சபைகளில் தலைவரென்றும் மூத்த உறுப்பினரென்றும் சிலர் இருப்பர். தலைமை என்றால் பிறரைத் தாம் கருதிய வழியில் நடத்துதல் என்றே உலகம் பெரும்பாலும் பொருள் கொள்கின்றது. படைத்தலைவனுக்கும் திணைக்களத் தலைவருக்கும் அப்பொருள் பொருந்தலாம். நியாயசபை உறுப்பினரோ தம்முன் வைக்கப்பட்ட சான்றுகளைத் தாமே எடைபோட்டு, தம் மனச்சாட்சிக்கேற்பத் தீர்மானிக்கக் கடமைப்பட்டவர். தனித்துத் தீர்மானிக்க வேண்டிய ஒருவரை மற்றொருவர் வழிநடத்தலாமா? நடத்தலாமெனின் எதுவரை? எம் கருத்தில், முடிவு ஒன்றைத் தவிர மற்றனைத்திலும் மூத்தவர் இளையவரை வழிநடத்தலாம், நடத்தவும் வேண்டும். முடிவை மட்டும் தொடலாகாது. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வரம்பு நடைமுறையில் எங்கெங்கே அழிகின்றது என்பதே ஆராயற்பாலது.

முதுமைக்கு நம் மரபு தந்துள்ள இடம் சிறிதன்று. கரிகாற் சோழனைப் பற்றி வழங்கும் கதையொன்று யாவரும் அறிந்தது. வழக்குரைக்க வந்த முதியோர் இருவர், அரசன் இளைஞன் என்று கண்டு, இவன் நம் வழக்கைத் தீர்க்க வல்லனோ என ஐயுற்றனர். அவன் நரைமுடி புனைந்து முதியவன்போல் வந்து அமர்ந்து வழக்கைத் தீர்த்தான். இக்கதையை அரசனின் மதிநுட்பத்தைக் காட்டுவதாகவே பள்ளியில் நமக்குக் கற்பித்தனர். அதில் வேறொன்றும் உண்டு. வழக்காளரின் நம்பிக்கையைப் பெற்றது நரை. வழக்கைத் தீர்த்ததோ நரையின் கீழிருந்த இளைஞனின் அறிவு. நரை என்பது மற்றவர் நம்பி வந்து தம் துயரைச் சொல்வதற்கான ஒரு வாயில் மாத்திரமே. அவ்வாயிலைத் தமக்குரிய அரியணையாக மாற்றிக்கொள்ளும் மூத்தோர் கரிகாலனின் வேடத்தை மட்டும் கற்றவராவர்.

உத்தரமேரூர்ச் சபையோரும் இதனை உணர்ந்திருந்தனர் போலும். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியங்களுக்குக் குடவோலை வழியே தெரிவு செய்யப்படுவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. அதே கல்வெட்டு, அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவரை விலக்குகின்றது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குகின்றது. அனுபவம் வேண்டும், ஆயின் அனுபவமே உரிமையாகிவிடலாகாது என்ற எச்சரிக்கை அங்கே கல்லில் உளது.

இனி நம் நாட்டின் அண்மை வரலாற்றுக்கு வருவோம். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் என்பாரின் வழக்குச் சட்டம் பயில்வோர்க்கு நன்கு தெரிந்ததே. சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத காரணத்தால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அதற்கு ஆதாரமாயிருந்த 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அரசியலமைப்புப் பற்றிய வினாவுக்கு விடை கூறி மாற்றவில்லை. முடிக்குரிய ஊழியர் தம் சம்பளத்தைக் கோரி முடிக்கெதிராக வழக்கிடவே இயலாது என்று கூறி மாற்றியது. 1969இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று தீர்த்து, எஞ்சிய பெருவினாவை ஆராயுமாறு வழக்கை மீண்டும் இங்கே அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. வினா விடையின்றியே நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து யாம் கொள்வது ஒன்று. ஓர் எழுதுவினைஞர் சம்பள ஏற்றத்தைக் கேட்டபோது, அவர் கேட்ட வினாவுக்கு நாட்டின் மேல்நிலை அமைப்புகள் எவையும் விடை கூறவில்லை. ஒவ்வொரு படியும் வினாவின் ஓரத்தைத் தொட்டு அடுத்த படிக்கு அனுப்பியது. மூத்தோரின் முதற்கடன் கேட்கப்பட்டதற்கு விடை சொல்வதாகும். சாதகமான விடையோ பாதகமான விடையோ அது பின்னைய விடயம். நுழைவாயிற் குறைகளைக் காட்டி ஒரு முறையீட்டைத் தள்ளிவிடுதல் எந்த மன்றத்திலும் எளிது. காலவரையறை, படிவம், கையொப்பம் ஆகியவற்றுக்கு உரிய இடம் உண்டு. ஆனால் சங்கடமான வினாவிலிருந்து ஒளிந்துகொள்ளும் புதராக அவற்றைப் பயன்படுத்த இளையவர் கற்றுக்கொள்வாராயின், அதனை எவரிடமிருந்து கற்றார் என்று கேட்கத்தான் வேண்டும்.

1972, 1978 ஆகிய அரசியலமைப்புகள் அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவை பற்றிய ஆணைகளை நீதிமன்றங்கள் ஆராய்வதைப் பெரிதும் தடுத்தன. 1978இன் பின் அடிப்படை உரிமை மீறலாயின் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி ஒன்று இருந்தது. 2001இன் 17ஆவது திருத்தம் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையைத் தோற்றுவித்தது. 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படும் தலைவரும் இரு உறுப்பினரும் கொண்ட அச்சபை, பொதுச் சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களை மாற்றவும் திருத்தவும் நீக்கவும் அதிகாரம் பெற்றது. மூவர் கொண்ட சபையில் ஒருவருடைய மூப்பு எத்துணைப் பாரமானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருபது பேர் அவையில் ஒருவரின் செல்வாக்குக் கரைந்துபோகலாம். மூவருள் தலைவர் ஒருபுறம் சாய்ந்தாரெனில் மற்றிருவருள் ஒருவர் மௌனமாயிருந்தாலே போதும், தீர்ப்பு முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக நாலந்தாவில் வாழும் அஞ்சற் சேவை ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பணக்கட்டளைக் கணக்கில் குறைவு ஏற்பட்டதென்று அவர் பதவி நீக்கப்பட்டார். விசாரணையில் தம் பக்கச் சாட்சியை அழைக்க இடமளிக்கவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. ஆணைக்குழு தண்டனையை உறுதி செய்தது. அவர் அதிகாலையில் எழுந்து மாத்தளைக்கு வந்து, கண்டி வழியாகக் கொழும்பு சேர்ந்து, கோவையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருக்கின்றார். அவர் தமிழராயின், அவர் எழுதிய விளக்கக் கடிதம் தமிழில் இருக்கும். அதனை ஆராய்ந்து மேலதிகாரி எழுதிய குறிப்புச் சிங்களத்தில் இருக்கும். முன்னைய சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழியே. ஆயினும் அக்கடிதம் செம்மையாக மொழிபெயர்க்கப்பட்டுச் சபையின் மூவர் முன்னும் இருக்கின்றதா என்று அன்று காலையில் எவரேனும் பார்த்தல் வேண்டும். பதிவாளர் பார்ப்பார் என்று உறுப்பினரும், உறுப்பினர் கேட்பர் என்று பதிவாளரும் இருந்துவிடுவது அலுவலக வழமை. மூத்தவர் பார்க்க வேண்டிய வேலை இது. பெருமைக்குரிய வேலையன்று. கெடிகேயின் கல்லுக்கு அடையாளமிட்ட தொழிலாளியின் வேலையை ஒத்தது.

விசாரணை முடிந்து உறுப்பினர் மூவரும் உள்ளறையில் கூடுகின்றனர் எனக் கொள்வோம். மூத்தவர் பல்லாண்டு நிருவாக சேவையில் இருந்தவர். கோவையை மூடிவிட்டு, "இந்தத் திணைக்களத்தை நான் நன்றாக அறிவேன், அங்கே பணக்கட்டளைக் கணக்குத் தவறுவது தற்செயலாக நடப்பதில்லை" என்கின்றார். அவ்வளவுதான். அதில் தீய நோக்கம் ஏதுமில்லை. நெடுங்கால அனுபவம் தந்த நேர்மையான எண்ணம் அது. ஆயினும் நடந்தது யாது? சத்தியம் செய்யாத, குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி ஒருவர் கதவு மூடப்பட்டபின் சாட்சியம் அளித்துவிட்டார். வாங்கில் அமர்ந்திருக்கும் ஊழியர் அதனைக் கேட்கவில்லை, மறுக்கவும் வாய்ப்பில்லை. அனுபவத்தை வீட்டில் வைத்துவிட்டு வருமாறு எவரையும் கேட்க இயலாது. அதற்காகத்தானே அவரை நியமித்தனர். ஆனால் அவ்வனுபவம் வழக்கின் முடிவைத் தொடக்கூடியதாயின், அதனை வெளியறையில், இருதரப்பினரும் கேட்க, ஒரு வினாவாக முன்வைத்தல் வேண்டும். "இத்தகைய குறைவு தற்செயலாக ஏற்பட வழி உண்டா?" என்று கேட்டிருந்தால், புதிதாக வந்த படிவமொன்று ஒரே தொகையை இருமுறை காட்டியது என்ற விடை கிடைத்திருக்கவும் கூடும்.

மூத்த உறுப்பினர் என்பது மரியாதைச் சொல்லாக அன்றிச் சட்டம் வகுத்த பதவியாகவே அமைந்த நாடும் உண்டு. அவுஸ்திரேலியாவின் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு 1976இல் பணி தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஜெராட் பிரெனன், பின்னாளில் அந்நாட்டின் பிரதம நீதியரசரானவர். 1979இல் ட்ரேக் என்பாரின் நாடுகடத்தல் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம், அமைச்சரின் கொள்கையை நியாயசபை வெறுமனே பின்பற்றுதல் போதாது. தன்முன் உள்ள சான்றுகளின்படி சரியான அல்லது விரும்பத்தக்க தீர்மானம் எது என்று தானே காணல் வேண்டும் எனத் தீர்த்தது. வழக்கு மீண்டும் நியாயசபைக்கு வந்தபோது பிரெனன் மறுபக்கத்தையும் எண்ணினார். ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் மனப்போக்கில் தீர்மானித்தால் ஒரே தன்மையான இருவருக்கு இருவேறு விதி நேரும். ஆகவே, சட்டத்துக்கு அமைந்த கொள்கையைத் தக்க காரணமின்றி விலக்கலாகாது என்றார்.

இம்மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. எம் கூற்றுக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதமும் இதுவே. முடிவைத் தொடலாகாது என்று மூத்தவர் ஒதுங்கி நின்றால், முறையீட்டாளரின் விதி எந்த அறையில் எந்த உறுப்பினர் முன் செல்ல நேர்ந்தது என்ற குலுக்கலாகிவிடாதா? புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இது ஏட்டுச் சிந்தனையன்று. 1993இல் அங்கே அமைக்கப்பட்ட அகதிகள் மீளாய்வு நியாயசபை 2015இல் மேற்கூறிய சபையுடன் இணைக்கப்பட்டது. இலங்கைத் தமிழரின் புகலிடக் கோரிக்கைகள் பல இச்சபைகளின் முன் சென்றன. ஒரே ஊரிலிருந்து ஒரே காரணத்துக்காகச் சென்ற இருவர் வெவ்வேறு விடை பெறுவாராயின், இழந்தவருக்கு உறுப்பினரின் சுதந்திரத்தைப் பற்றி எவர் எடுத்துரைப்பார்?

எனினும் ஒத்த தன்மையைப் பேணும் வழி முடிவைக் கட்டளையிடுவதன்று என்றே யாம் கருதுகின்றோம். முன்னைய தீர்ப்புகளை இளையவர் படித்திருக்கின்றாரா, அவற்றிலிருந்து விலகுவாராயின் ஏன் விலகுகின்றார் என்று எழுதியிருக்கின்றாரா என மூத்தவர் கேட்கலாம். ஒரு வரைவைப் படித்து, "இந்தச் சாட்சியை நம்பவில்லை என்கின்றீர், காரணம் கூறவில்லை" எனச் சுட்டலாம். "இவரை நம்புங்கள்" என்று சொல்லலாகாது. முதலாவது கற்பித்தல், இரண்டாவது வேறொருவர் கையால் தாமே தீர்ப்பெழுதுதல். இரண்டுக்கும் இடையிலுள்ள வரி மெல்லியது என்பது உண்மை. பதவி நீடிப்பு, வழக்குப் பங்கீடு ஆகியவை மூத்தவரின் கையில் இருக்கும்போது அவருடைய புருவ நெரிப்பே கட்டளையாகிவிடும்.

இளையவர் தாமே தீர்மானிக்க வேண்டுமெனின் அவர் யார், எவ்வாறு வந்தார் என்பதும் முக்கியமாகின்றது. 2022 டிசெம்பரில் அந்நாட்டு அரசாங்கம் தன் நியாயசபையை ஒழிக்கப்போவதாக அறிவித்தபோது, தகுதி அடிப்படையிலான தெரிவின்றி உறுப்பினர் நியமிக்கப்பட்டமையால் சபையின் மதிப்புக் குன்றியது என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. 2024 ஒக்தோபர் 14இல் நிருவாக மீளாய்வு நியாயசபை அதன் இடத்தைப் பெற்றது. மூத்த உறுப்பினர் பதவி அதிலும் தொடர்கின்றது. பெயர் மாற்றத்தால் குணம் மாறுமா என்ற ஐயம் எமக்கு உண்டு. ஆயினும் நம்பிக்கை இழந்த சபையொன்றைத் திருத்துவதிலும் புதிதாகத் தொடங்குவது எளிதென ஒரு செல்வந்த நாடு எண்ணியமை, அந்நம்பிக்கை எத்துணை நொய்யது என்பதைக் காட்டும்.

பேசும் ஒழுங்கைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பண்டை யூதரின் நியாயமன்ற விதிகளில், மரணதண்டனைக்குரிய வழக்குகளில் இளையோரே முதலில் கருத்துரைத்தல் வேண்டும் என்றொரு விதி உண்டு. மூத்தவர் முதலிற் பேசிவிட்டால் அவரை மறுக்க இளையவர் நாணுவர் என்பதே அதன் உட்கருத்து. நம் அவைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பல்கலைக்கழகக் குழுக் கூட்டங்களை நோக்குவோர்க்கு இது புதிதன்று: பேராசிரியர் பேசி முடித்தபின் துணை விரிவுரையாளர் எழுந்து, பேராசிரியர் கூறியதையே சற்று நீட்டிக் கூறி அமர்வார். நம் பண்பாட்டில் பெரியோரை மறுத்துரையாமை அடக்கமெனப் போற்றப்படுகின்றது. வீட்டில் அது நற்பண்பாயிருக்கலாம். நியாயசபையின் உள்ளறையில் அந்த அடக்கத்துக்கான விலையை அங்கே இல்லாத ஒருவர் செலுத்துகின்றார். ஆதலின் மூத்தவர் இறுதியில் பேசுதல் வேண்டும். பேசாதிருக்கும்போதும் முகத்தைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். இது பேசாதிருத்தலினும் கடினம்.

இளையவர் உடன்படாவிடின் அம்மாறுபாடு எழுத்தில் நிற்றல் வேண்டும். ஒருமனத் தீர்ப்பு சபைக்கு அழகு என்று கருதி, மாறுபாட்டை உள்ளறையிலேயே கரைத்துவிட மூத்தவர் விரும்புவது இயல்பு. நாலந்தா ஊழியருக்கோ, மூவருள் ஒருவர் தம் பேச்சை ஏற்றார் என்ற செய்தி, மேலும் ஒரு படி ஏறுவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் செய்தியாகும். அதனை அவரிடமிருந்து மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

எஞ்சியது காலத்தைப் பற்றியது. தீர்ப்பின் பொருளை மூத்தவர் தொடலாகாது என்றோம். தீர்ப்பின் நாளோ முற்றிலும் அவருடைய பொறுப்பு. எந்த வழக்கை எவரிடம் கொடுப்பது, எந்தக் கோவை எத்தனை முறை ஒத்திவைக்கப்பட்டது, எந்த உறுப்பினரின் மேசையில் வரைவுகள் குவிந்துள்ளன என்பவற்றை அவரே அறியவல்லவர். கடினமான கோவைகளை இளையவர்மேல் தள்ளி, எளியவற்றைத் தாம் வைத்துக்கொள்ளும் மூத்தோரும் உளர்; எண்ணிக்கை அவர்க்குப் பெருமை தரும். அரச சேவையில் ஓய்வுபெறும் வயது 60. பதவி நீக்கப்பட்டபோது அந்த ஊழியருக்கு 55 எனின், ஆணைக்குழுவின் முன் கழிந்த ஆண்டுகள் போக, சபைக்கு எஞ்சுவது மிகச் சிறிது. சட்டத்தரணி வரவில்லையென ஒரு தவணை, திணைக்களம் கோவையை அனுப்பவில்லையென இன்னொரு தவணை, உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் முடிந்து வேறொருவர் வரும்வரை பல தவணைகள். அதன்பின் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பு வருகின்றதென்று கொள்வோம். சம்பள நிலுவை கணக்கிடப்படும். ஓய்வூதியம் சீர் செய்யப்படும். சேவையில் மீள அமர்த்துமாறு கூறும் ஆணையைக் கையிற் கொண்டு அவர் பழைய அஞ்சலகத்துக்குச் செல்கின்றார். யன்னலுக்கு அப்பால் அவருடைய கதிரையில் இருக்கும் இளைஞர், என்ன வேண்டும் என்று அவரைக் கேட்கின்றார்.